மரமுந்திரிகைக் கன்றில் மரபணுவுக்கு விலையா?

கேள்வி: மீள்குடியேறிய பின்னர் விதையிட்டு வளர்த்த நாற்பது மரமுந்திரிகைகள் எனது மேட்டுக்காணியில் நிற்கின்றன, சில ஆண்டுகளாகக் காய்ப்புக் குறைந்து வருகிறது. நோய் தடுக்கும் பீனோல் மரபணு கூடிய கன்றுகள் எனச் சொல்லி ஒரு நாற்றுமேடைக்காரர் மூன்று மடங்கு விலை கேட்கிறார். பழைய மரங்களைத் தறித்துவிட்டு அவற்றை நடலாமா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: தறிக்க வேண்டாம், ஐயா. பீனோல் என்பது தாவரங்கள் தற்காப்புக்காக ஆக்கும் ஒருவகை வேதிப்பொருள். அவர் விற்கும் மரபணு உங்கள் மரத்திலும் இருக்கிறது. பீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பீனோல்களை ஆக்கத் தொடங்கும் நொதியத்துக்கும், பிளாவனொயிட்டுகள் என்ற பீனோல் வகைக்கு அடியிடும் சால்கோன் சிந்தேசு என்ற நொதியத்துக்கும் உரிய மரபணுக்கள் பூக்கும் தாவரங்களுக்கெல்லாம் பொதுவானவை. அவை எந்த இழையத்தில் எவ்வளவு இயங்குகின்றன என்பதே வேறுபாடு. இத்தகைய மரபணுச் செய்தி வந்தது வேறு மரத்தில்: கலிபோர்னியாவின் சான்ட்லர் என்ற அக்ரூட் (வால்நட்) இரகத்தின் மரபணுத்தொகுதி 2016இல் வெளியானபோது, பீனோல்களை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒக்சிடேசு என்ற நொதியத்துக்கு இரண்டாவது மரபணு ஒன்று இருப்பதும் தெரியவந்தது. அது அக்ரூட்டைப் பற்றிய செய்தி. முந்திரிகைக் கன்றின் விலைச்சீட்டில் எழுதுவதற்குரியதன்று.

முந்திரிகையில் கற்றெச்சின் போன்ற பீனோல்கள் மிகுந்திருப்பது பருப்பை மூடிய செந்தோலில். அதை உரித்தால்தான் பருப்புக்குச் சந்தையில் விலை. கோதிலுள்ள அனகார்டிக் அமிலமும் பீனோல் இனமே. கொட்டை உடைப்பவரின் விரலைப் பொசுக்குவதும் அதுதான். எறியப் போகும் தோலுக்கு மூன்று மடங்கு கொடுப்பானேன்?

காய்ப்பு ஏன் குறைந்தது என்பதல்லவா முதற் கேள்வி? கிளைகள் ஒன்றோடொன்று கோர்த்து வெயிலை மறைத்தால் இடைமரங்களை மட்டும் அகற்றுங்கள். அடிமரத்தில் பிசின் கசிந்து மரத்தூள் தள்ளியிருந்தால், பட்டையைச் செதுக்கித் தண்டு துளைப்பான் புழுவை எடுத்துவிடுங்கள்.

நான் யாரிடமும் சலிக்காமல் சொல்வது தாய்மரத்தைப் பற்றித்தான். முந்திரிகையில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி என்பதால், ஒரே மரத்தின் கொட்டைகளிலிருந்து முளைத்த கன்றுகளும் ஒன்றுபோல் காய்ப்பதில்லை. உங்கள் நாற்பதும் நாற்பது விதமாகவே இருக்கும். அடுத்த பூப்பருவத்தில் நன்றாகக் காய்ப்பவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டி, மூன்று பருவம் கொட்டையைத் தனித்தனியே நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று பருவமும் முன்னிற்கும் மரத்தின் தளிர்க்கொம்பை எடுத்து, இளநாற்றில் ஒட்டுங்கள். அப்படிக் கிடைக்கும் கன்றை எந்த வியாபாரியின் கன்றுக்கும் நான் மாற்றமாட்டேன்.

பொறுக்க முடியாது, வாங்கத்தான் வேண்டும் என்றால், தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் ஒரு கன்றும் எடுக்காதீர்கள். விதைக்கன்றின் நுனியை நறுக்கி, ஒட்டுக்கன்றென்று தலையில் கட்டுவோரை நான் பார்த்திருக்கிறேன். தண்டில் ஒட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, மாரி மழை தொடங்கியதும் 7.5 மீற்றர் இடைவெளியில் நடுங்கள். தழும்புக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் மேலேயுள்ள ஒட்டு பட்டுப்போய், கீழேயுள்ள விதைக்கன்றே மரமாகிவிடும்.