கோல் கணக்கை மட்டும் பாக்காதீங்க

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, உங்க காலேஜ் ஃபுட்பால் டீம்ல இந்த சீசன் அதிகம் முன்னேறினது முன்னால நின்னு கோல் அடிக்கற ஸ்ட்ரைக்கரா, இடது பக்கம் தடுத்து ஆடற லெஃப்ட் பேக்கான்னு கேட்டிருக்கீங்க. என் ஓட்டு லெஃப்ட் பேக்குக்கு.

ஸ்ட்ரைக்கர் போன வருசமே நல்லா ஆடினவர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவருக்கு டாப் ஸ்கோரர் கோப்பை குடுங்க, அது வேற. லெஃப்ட் பேக் செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால், ஆடி வந்தவர். அங்க மைதானம் சின்னது, வர்ற பந்தை ஓங்கி அடிச்சுத் தள்ளியே சமாளிச்சிடலாம். பதினொருவர் ஆட்டத்துல 90 நிமிசமும் மத்த டிஃபெண்டர்களோட ஒரே வரிசையா லைன் பிடிச்சு நிக்கணும். ஒருத்தர் அசந்து பின்னால நின்னாலும் எதிராளி ஆஃப்சைடுல (டிஃபெண்டர்களைத் தாண்டி நின்னு பந்து வாங்கற தப்புல) இருந்து தப்பிச்சிடுவான். அதைப் பழகறதுதான் பெரும்பாடு.

கோச் ஒத்துக்கலைன்னா, சீசனோட முதல் மேட்ச், கடைசி மேட்ச் ரெண்டு வீடியோவையும் போட்டு, பந்து வலது பக்கம் இருக்கறப்ப லெஃப்ட் பேக் அந்த லைன்ல எங்க நிக்கறார்னு காட்டுங்க.