வானவில் ஏறிய அரை டாலரை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்துத் தெருவில் நடந்த எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) 1958-ஆம் வருட மின்ட் செட் ஒன்றை, அதாவது அந்த வருடக் காசுகளை நாணயச்சாலையே தொகுத்து விற்ற செட்டை, அந்தக் காலத்து அட்டையோடு வாங்கியிருக்கிறார். அதில் நான்கு வெள்ளி அரை டாலர்கள். ஒரு பக்கம் லேசான மஞ்சள்தான். திருப்பினால் ஓரத்தில் நீலம், அதற்குள்ளே ஊதா, நடுவில் தங்க நிறம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் "வெள்ளிதானே, விபூதி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்" என்கிறாராம். தேய்க்கலாமா, இனி எதில் போட்டு வைப்பது, இதே மாதிரி நிறம் ஏறிய காசுகளை ஆன்லைனில் சாதாரணக் காசைப் போல மூன்று நான்கு மடங்கு சொல்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்கிறார்.

தேய்க்க வேண்டாம். விபூதி வேண்டாம், பற்பசை வேண்டாம், பூந்திக்கொட்டைத் தண்ணீர் வேண்டாம், அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் முக்கும் அந்த யூடியூப் வித்தையும் வேண்டாம். மாமியார் சொல்வது வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சரி. குத்துவிளக்கை நாம் பளபளப்புக்காக வைத்திருக்கிறோம், ஒரு மயிரிழை தேய்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. காசில் அந்த மயிரிழைக்குத்தான் விலை.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். 1948 முதல் 1963 வரை வந்த பிராங்க்ளின் அரை டாலர். ஒரு பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின் தலை, மறுபக்கம் விரிசல் விட்ட சுதந்திர மணி. வடிவமைத்தவர் ஜான் சின்னக். எடை 12.5 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. அதாவது ஒரு காசில் சுத்த வெள்ளி 11.25 கிராம். மணிக்கு மேலே பாருங்கள், இரண்டு காசில் 'டி' என்ற எழுத்து இருக்கும், அவை டென்வரில் அடித்தவை. எழுத்தே இல்லாத மற்ற இரண்டும் பிலடெல்பியா. ஒவ்வொன்றிலும் இரண்டு இருப்பதற்குக் காரணம், 1947-லிருந்து 1958 வரை (நடுவில் 1950-இல் மட்டும் வரவில்லை) அமெரிக்க நாணயச்சாலை இந்த செட்டுகளை இரட்டையாகவே விற்றது. 20 காசு, எல்லாம் சேர்த்து முகமதிப்பு 3 டாலர் 64 சென்ட். அடுத்த வருடமே அட்டையை விட்டுவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்கு மாறிவிட்டார்கள். ஆகவே உங்களுடையது அட்டைக் காலத்தின் கடைசி வருடம். அந்த அட்டைதான் இத்தனை வேலையும் செய்திருக்கிறது.

எப்படி என்றால், வெள்ளி கறுப்பது ஆக்சிஜனால் அல்ல, கந்தகத்தால். முட்டை சாப்பிட்ட வெள்ளி ஸ்பூன் கறுக்குமே, அதே சமாச்சாரம். அந்தக் காலத்து அட்டையிலும் தாளிலும் கந்தகம் இருந்தது. காசின் எந்தப் பக்கம் அதை ஒட்டிக்கொண்டு கிடந்ததோ அந்தப் பக்கம் வெள்ளி சல்பைடு படலம் மெதுவாக வளர்ந்திருக்கிறது. படலத்துக்கென்று சொந்த நிறம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலிருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களை அழித்துச் சிலவற்றை விட்டுவைக்கின்றன, மழைக்காலத்தில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் காட்டும் வேடிக்கைதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும்: முதலில் இளமஞ்சள், பிறகு பொன், செம்பழுப்பு, ஊதா கலந்த சிவப்பு, நீலம், வெளிர்நீலம். அப்புறம் மறுபடி மஞ்சளில் தொடங்கி இரண்டாவது சுற்று. நல்ல அழுத்தமான பச்சை பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் வரும். அதையும் தாண்டினால் சாம்பல், கறுப்பு. குத்துவிளக்கு நின்றிருக்கும் இடம் அதுதான். உங்கள் காசு பாதி வழியில் இருக்கிறது, இன்னும் நடந்துகொண்டும் இருக்கிறது. அதை அப்படியே நிறுத்த முடியாது, நடையை மெதுவாக்கலாம்.

தேய்த்தால் என்ன போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். அச்சு காசின் மேல் இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச் செல்கிறது. ஒற்றை பல்பு வெளிச்சத்தில் காசை மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள், ஒளி இரண்டு ஆரமாக வண்டிச்சக்கரம் போலச் சுழலும். இதை லஸ்டர் என்பார்கள். விபூதி சாம்பல், சாம்பல் அராவும், கோடுகள் போய்விடும். கடையில் விற்கும் டிப் திரவம், அதாவது காசை முக்கி எடுக்கும் திரவம், அராவாது, ஆனால் அதில் அமிலத்தோடு சேர்ந்த தயோயூரியா என்ற ரசாயனம் படலத்தைக் கரைக்கும்போது மேல்தோலையும் கொஞ்சம் கொண்டுபோய்விடும். இரண்டு மூன்று முறை முக்கி எடுத்த காசு வெள்ளையாக இருக்கும், ஆனால் செத்துப்போன வெள்ளை. போனது திரும்ப வராது.

சரி, பாதுகாப்பு. என் வண்டவாளம் ஒன்றைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும். 1943-ஆம் வருட வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர் ஒன்று வைத்திருந்தேன், பிராங்க்ளினுக்கு முந்தைய வகை, சின்னப் பெண்மணி சூரியனை நோக்கி நடப்பாளே, அது. வாங்கிய கடையில் கொடுத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு டிராயரில் வைத்து மறந்துவிட்டேன். பல வருடம் கழித்து எடுத்தால் உறையின் உட்புறம் வியர்த்த மாதிரி பிசுபிசுப்பு, அவளுடைய கொடி மடிப்புகளுக்குள் பாசி போலப் பச்சை. உறை பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து வரும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வரும், அது காசில் இருக்கும் செம்பைத் தின்னும். அசிட்டோனில் ஊறவைத்தேன், பச்சை போனது. அடியில் ஊசி குத்தினாற்போலக் குழிகள், அவை போகவில்லை.

ஆகவே உறை வாங்கும்போது முதலில் மூக்கை நம்புங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால், கையில் துவண்டு விழுந்தால், வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி, உறையின் ஓரத்துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகையை முகராதீர்கள், காசு பக்கத்திலேயே இருக்கக்கூடாது. நம்பிப் போடக்கூடியவை மைலார், பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், அக்ரிலிக், பாலிஸ்டைரின். நான் உங்களுக்குச் சொல்வது அரை டாலர் அளவுக்கென்றே செய்த கெட்டியான அக்ரிலிக் டப்பி, இரண்டு மூடியாகக் கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் வகை. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் வைத்து வருவதை வாங்காதீர்கள், அந்த வளையம் விளிம்பில் தன் பங்குக்கு ஒரு நிற வட்டம் போட்டுவிடும். அட்டையில் மைலார் ஜன்னல் வைத்து ஸ்டேப்ளர் அடிக்கும் உறை மலிவுதான், ஆனால் காசை வெளியே எடுக்கும்போது பின் கீறிய கதைகள் ஏராளம்.

இப்போது அந்த மூல அட்டையை என்ன செய்வது என்ற பெரிய வழக்கு. செட்டைக் கலைக்காமல் அட்டையோடு வைத்தால்தான் மதிப்பு, நிறம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்பது ஒரு கட்சி. அது சரிதான், ஆனால் அந்த அட்டையில் கந்தகம் இன்னும் தீர்ந்துபோயிருக்காது. உங்கள் காசில் நீலம் ஏற்கெனவே வந்துவிட்டது, இன்னும் சில பத்தாண்டு அங்கேயே கிடந்தால் எந்த நிறத்தில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானாக இருந்தால் அட்டையில் இருக்கும்படியே இரண்டு பக்கமும் நல்ல புகைப்படம் எடுத்துவைத்து, அரை டாலர் நான்கையும் டப்பிக்கு மாற்றி, அட்டையைத் தூக்கிப் போடாமல் தனியாக ஒரு மைலார் உறையில், காசுகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பேன். விற்கும்போது அதுவும் கூடவே போக வேண்டும்.

எடுக்கும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். மேசையில் மடித்த துண்டு விரித்துக்கொள்ளுங்கள், கை நழுவினால் அதில் விழட்டும். காசின் மேல் குனிந்து பேசக்கூடாது, எச்சில் துளி பட்டால் இப்போது தெரியாது, சில வருடம் கழித்துக் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். ரப்பர் கையுறை வேண்டவே வேண்டாம், ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகம் போட்டுத்தான். அதே காரணத்துக்காக ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள், சமையலறைப் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஓக் மர டிராயரும் புதிதாகப் பெயின்ட் அடித்த அலமாரியும் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் ஆவியும் காசுக்கு ஆகாது. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போடுங்கள், மறக்காமல் மாற்றுங்கள். ஆனால் அது ஈரத்தைத்தான் குடிக்கும், கந்தகத்தைத் தொடாது. கந்தகத்துக்கென்று தனியாக, வெள்ளிப் பாத்திரங்கள் கறுக்காமல் தடுக்க விற்கும் தாள்பட்டைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பெட்டிக்குள் போடலாம், காசின் மேல் படாமல். நெருப்புக்குத் தாங்கும் வீட்டுப் பெட்டகம் வைத்திருந்தால் கவனம், சிலவற்றின் சுவருக்குள் இருக்கும் பொருளே ஈரத்தை விடும்.

என்றைக்காவது ஊருக்கு எடுத்துப் போய்ச் சென்னையில் வைப்பதாக எண்ணமிருந்தால், கடற்காற்றும் ஈரமும் கூட்டணி சேரும் ஊர் அது. மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பட்டுப்புடவை இருக்கும் பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஆவி பாலிஸ்டைரின் உறைகளை இளக்கிவிடும்.

கடைசியாக, வாங்கும் விஷயம். அழகாக நிறம் ஏறிய காசுக்கு அதிக விலை என்பது உண்மை. எவ்வளவு அதிகம் என்பதற்கு அச்சடித்த விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. இரண்டு பேர் ஒரே காசின் மேல் ஆசைப்பட்டால் அதுதான் விலை. அதனால்தான் ஏமாற்றும் அதிகம். கந்தகம், சூடு, ஏதேதோ ரசாயனம் என்று வைத்து ஒரு மாலைப்பொழுதில் வானவில் வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது முதலில் நிற வரிசை. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் படிப்படியாகக் கரைந்து போக வேண்டும், மஞ்சளுக்குப் பக்கத்தில் திடீரென்று மயில்நீலம் கத்தினால் எனக்குச் சந்தேகம் வரும். அடுத்து, நிறத்துக்கு அடியிலிருந்து லஸ்டர் எட்டிப் பார்க்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பேன். உண்மையான டோனிங் (காசில் ஏறும் இந்த நிறத்துக்கு அதுதான் பெயர்) கண்ணாடித்தாள் போல மேலே கிடக்கும், போலி பெயின்ட் மாதிரி அப்பிக் கிடக்கும். கீறல்களுக்குள்ளும் நிறம் ஓடியிருந்தால் எப்போதோ யாரோ தேய்த்து, அதற்குப் பிறகு நிறம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிராங்க்ளினில் மணியின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஓடும் கோடுகள் அறுபடாமல் இருந்தால் தனி மதிப்பு, ஆனால் அடர்த்தியான இருண்ட டோனிங் அங்கேதான் அடிகளையும் தேய்மானத்தையும் மறைக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். நிறத்தைக் கூட்டுவதற்கு போனில் ஒரு விரல் போதும். சாய்த்துச் சுற்றும் வீடியோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பெரிய தொகை என்றால் நாணயங்களுக்குத் தரம் போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரம் பார்த்து சீல் வைத்த ஸ்லாபில், அதாவது கெட்டி பிளாஸ்டிக் பெட்டியில், இருப்பதை மட்டும் வாங்குங்கள். நிறம் சந்தேகம் என்று தோன்றினால் அவர்களே கிரேடு எண் தராமல் அதை எழுதிவிடுவார்கள். ஸ்லாபும் காற்றுப்புகாத பெட்டி அல்ல, அதற்குள்ளும் நிறம் நகரும், மேலே சொன்ன பத்தியம் அதற்கும் உண்டு. விலை சரியா என்று தெரிய, ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் பழைய ஏல முடிவுகளில் அதே வருடம், அதே கிரேடு காசு நிறத்தோடு எவ்வளவுக்குப் போனது, நிறமில்லாமல் எவ்வளவுக்குப் போனது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் கட்சி, சாதாரணக் காசின் விலைக்கு மேலே கொடுப்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குக் கொடுக்கிற காசு. நாளைக்கு வாங்குகிறவர் கண்ணும் அதையே சொல்லும் என்று எதிர்பார்க்காமல் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

மாமியாருக்குத் தேய்ப்பதற்கு ஏதாவது தந்தே ஆக வேண்டுமென்றால் வங்கியில் கேட்டு இரண்டு கென்னடி அரை டாலர் வாங்கிக்கொடுங்கள், ஒன்று 50 சென்ட்தான். 1971-லிருந்து புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும்.