ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. டாக்டர் ஸ்கேலிங் செய்யச் சொல்கிறார். 'கிளீன் பண்ணினால் நல்ல பல்லும் ஆட ஆரம்பித்துவிடும்' என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இதே பயம் இருந்தது. என் பெரியம்மாவுக்குக் கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் முழுக்க மஞ்சளாகக் காரை ஏறியிருந்தது. சுத்தம் செய்து முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயோ, நடுவுல சந்து விழுந்துடுச்சே" என்று பதறிவிட்டார். டாக்டர் தட்டில் கிடந்த காரைத் துண்டுகளைக் காட்டினார். ஒரு துண்டில் பல்லின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. "இது உட்கார்ந்திருந்த இடம்தாம்மா அந்தச் சந்து. உங்க பல்லுல எதுவும் குறையல" என்றார்.

பயத்துக்கான காரணமே இதுதான். பல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தைத் தினமும் தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களிலேயே அது கெட்டிப்படத் தொடங்கும். நாக்கின் அடியில் எச்சில் சுரப்பியின் வாய் இருப்பதால்தான் கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை அதிகம். அப்படிக் கெட்டியானபின் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. அதில் தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆக, பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும். காரை அதை முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும். எடுத்தவுடன் ஆட்டம் தெரிகிறது, பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

கருவியின் சத்தம்தான் பலருக்குப் பயம். அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கும். சூடேறாமலிருக்கக் கூடவே தண்ணீர் பீய்ச்சும். நம் உடம்பிலேயே மிகக் கடினமானது எனாமல். முறையாகச் செய்தால் அது தேயாது. சில நாள் பல் கூசும், அவ்வளவுதான்.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

இன்னொன்று ரொம்ப முக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இதய வால்வில் ஏதாவது அறுவை நடந்திருக்கிறதா என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும்; ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும்.

செலவுதான் யோசனை என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம், ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவார்கள். அதனால் இன்னும்தான் மோசமாகும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம், ஈறு ஓரத்தை ஒட்டி மெதுவாக. உப்பும் கரித்தூளும் போட்டு அரக்கித் தேய்க்க வேண்டாம், அதுதான் எனாமலைத் தேய்க்கும்.

இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் மறுபடி காட்டுங்கள். ஈறுக்கு அடியில், வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், வலிக்காது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.