வருமானமே இல்லாத முதலாளி

வணக்கம் ஐயா,

பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்கிறார் நண்பர். குறைத்தால் ஏற்றத்தாழ்வுதான் பெருகும் என்கிறேன் நான். ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் சொல்வது சரி? எனக்குப் பொருளாதாரம் தெரியாது, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

செ.

அன்புள்ள செ.,

முதலில் அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பறிகொடுக்கும் மனிதர், வரியைப் பற்றிப் பேச யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்? எரிச்சலாக வருகிறது. நண்பரிடம் இன்றே பேசிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1950களில் உச்ச வரி, அதாவது பெரும் வருமானத்தின் மேல் பகுதிக்கு மட்டும் விழும் வரி, 91 சதவீதம். வளர்ச்சி நன்றாகவே இருந்தது. 1988இல் அது 28. வளர்ச்சி ஒன்றும் துள்ளிவிடவில்லை, நாட்டு வருமானத்தில் மேல்தட்டின் பங்குதான் வீங்கியது. கான்சஸ் மாநிலம் 2012இல் வரியை வெட்டியது. கஜானா வற்றிப்போய், 2017இல் சட்டமன்றமே அதைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றது. முதலீடு ஓடிவிடும் என்ற பூச்சாண்டியை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஜெயித்துவிட்டதாகக் குதிக்காதீர்கள். அந்த 91ஐ முழுசாகக் கட்டியவர்கள் சொற்பம். பங்கு விற்ற லாபத்துக்கு அப்போதும் ஏறக்குறைய 25தான்.

இளவயதில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதினேன். ஒரு முதலாளியின் கோப்பு வந்தது. அவர் எடுத்த சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு! மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஆடிட்டர் சிரித்தார்: "அவருக்கு எதுக்குப்பா சம்பளம்?"

அவரிடம் இருந்தவை பங்குகள். மதிப்பு எவ்வளவு ஏறினாலும், விற்காதவரை அது வருமானம் இல்லை. செலவுக்கு? பங்குகளை அடமானம் வைத்துக் கடன். கடனும் வருமானம் இல்லையே! வட்டியைவிட வேகமாக மதிப்பு ஏறினால் போதும், காலம் முழுக்க இப்படியே ஓட்டலாம். அமெரிக்கச் சட்டம் இன்னும் தாராளம்: உரியவர் இறந்ததும் வாரிசுக்கு அந்தப் பங்கின் அடக்கவிலை, அதாவது லாபம் கணக்கிட வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வது, அன்றைய சந்தை விலைதான். வாழ்நாள் லாபம் வருமான வரியின் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது.

பூஜ்ஜியத்தில் 91 சதவீதம் எவ்வளவு, செ.? 28 சதவீதம் எவ்வளவு? எதை வருமானம் என்று எழுதுவது என்பதை விட்டுவிட்டு, இந்த எண்களுக்காகவா ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்?

முதலாளி கையெழுத்துப் போட வந்தபோது நான்தான் பேனாவை நீட்டினேன். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் அன்று அந்த அறையில் இரண்டு பேர். நானும் அவரும்.