நெருங்கிய தோழியே போட்டியில் எதிரே நின்றால் பிள்ளைகளைப் பிரித்துவைக்க வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளும் அவளுடைய நெருங்கிய தோழியும் பேச்சுப் போட்டி, ஓட்டப் பந்தயம், கோலப் போட்டி என எதை எடுத்தாலும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்றும், ஆண்டு விழா முடிந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை என்றும், மகளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். நான் ஆசிரியரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. ஆகவே "உங்களுக்கு என்ன தகுதி" என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பத்தாம் வகுப்பில் உயரம் தாண்டுதலில் ஒரே ஒரு பெருக்கல் குறியால் தோற்று, அதற்காக உயிர்த் தோழியோடு நாற்பது நாள் பேசாமல் இருந்தவள் என்பதுதான் என் தகுதி.

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். அவள் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் பள்ளிக்கு அருகிலிருந்த விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறை முடிந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு பை கொய்யாவோ ஆரஞ்சோ கொண்டுவருவாள். மாலையில் பள்ளி விட்டதும் இருவரும் மணல் குழியில் தாண்டிப் பழகுவோம். மெத்தை என்ற ஒன்றை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. டிக் ஃபாஸ்பரி 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் முதுகைக் காட்டித் தாண்டித் தங்கம் வென்ற பிறகு உலகமே அந்த முறைக்கு மாறியிருக்கலாம். ஆனால் வெறும் மணலில் முதுகு பட விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பி.டி. டீச்சருக்குத் தெரியும் என்பதால், ஒரு காலை முன்னே வீசி மறு காலைப் பின்னே எடுக்கும் 'சிசர்ஸ்' முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவள் என்னைவிட நன்றாகத் தாண்டினாள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. மலையேறிப் பழகிய கால், அதனால் தாண்டுகிறாள் என்று நாங்கள் கீழூர்ப் பிள்ளைகள் சொல்லிக்கொள்வோம். அது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். ஒவ்வொரு நாளும் என்னைவிடப் பத்து முறை கூடுதலாகத் தாண்டிவிட்டுத்தான் அவள் விடுதிக்குத் திரும்புவாள் என்பதை யாரும் சொல்ல மாட்டோம்.

1996இல் எங்கள் பள்ளி விளையாட்டு விழா. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு அணிகள். அவள் குறிஞ்சி, நான் மருதம். தனிநபர் கோப்பைக்கு எங்கள் இருவருக்கும் சம புள்ளிகள் இருந்தன. உயரம் தாண்டுதல்தான் பாக்கி. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு உயரத்தைத் தாண்டாமலே தவிர்த்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். 1.05 மீட்டரை இருவரும் தாண்டினோம். 1.10ஐ அவள் தவிர்த்துவிட்டுக் கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நானோ, தினமும் தூக்கத்தில்கூடத் தாண்டும் உயரம் என்பதால், வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் தெருக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடிவந்து தாண்டினேன்.

கம்பு உடனே விழவில்லை. நான் மணலிலிருந்து எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி, இரண்டடி நடந்த பிறகும் அது தாங்கியின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு முனை மட்டும் நழுவி, மணலில் சத்தமே இல்லாமல் விழுந்தது. டீச்சர் அப்போது அட்டையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். உடல் படாமல் தாண்டிய பிறகு காற்றினால் கம்பு விழுந்தால் அது நல்ல தாண்டலே. கால் பட்டதனால் விழுந்தால் தவறு. அன்று சேர்வராயன் மலைப் பக்கமிருந்து நன்றாகவே காற்று வீசியது. "காத்துங்க டீச்சர்" என்றேன். டீச்சர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "குதிகால் பட்டுச்சு டீச்சர்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல். அட்டையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அடுத்த வாய்ப்பில் நான் எளிதாகத் தாண்டிவிட்டதால், அது ஒரு பெரிய விஷயமாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு 1.15, 1.20 இரண்டையும் இருவரும் முதல் முயற்சியிலேயே தாண்டினோம். 1.24ஐ இருவருமே இரண்டாம் முயற்சியில் தாண்டினோம். 1.27இல் இருவருக்கும் மூன்று முறையும் கம்பு விழுந்தது. சமம் என்று நினைத்துக் கைகோத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு முதலிடம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கும் சமமானால், அந்த உயரம் வரைக்குமான மொத்தத் தவறுகளை எண்ண வேண்டும். எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. 1.10இல் விழுந்த அந்தப் பெருக்கல் குறிதான் கோப்பையை அவள் கையில் கொடுத்தது.

இந்த விதியை எங்களுக்கு யாரும் முன்னதாகச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். விளையாட்டு வகுப்பு என்று அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு இருக்கும். பாடம் முடியவில்லை என்று கணக்காசிரியர் அவற்றைக் கடன் வாங்குவார். அந்தக் கடன் ஒருநாளும் திரும்பியதில்லை. என் மகன் படிக்கும் பள்ளியிலும் இன்றுவரை இதே கதைதான். விதி தெரிந்திருந்தால் விதியின் மேல் கோபப்பட்டிருப்பேன். தெரியாததால், அவள் திட்டமிட்டுக் கோப்பைக்காகவே என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்தேன். 1.10இல் விழும் ஒரு குறி முதலிடத்தைத் தீர்மானிக்கும் என்று அந்த நேரத்தில் அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? இதை யோசிக்க எனக்கு நாற்பது நாள் பிடித்தது. வீட்டில் வேறு, "எங்கிருந்தோ மலையிலிருந்து வந்த புள்ள கப்பு வாங்குது, உனக்கு என்ன கேடு" என்று அம்மா தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டிலும் இதே எண்ணெய் கொஞ்சம் ஊற்றப்பட்டிருக்கும் என்ற சந்தேகத்தில்தான் சொல்கிறேன்.

நாற்பதாம் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விடுதிக்குத் திரும்பியவள் வழக்கம்போல் என் மேசையில் கொய்யாப் பையை வைத்தாள். பசித்தது, எடுத்துத் தின்றேன். "உப்பு வேணுமா?" என்றாள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது ஊரே அவரைக் கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் அதே போட்டியில் 1.86 மீட்டரைத் தாண்டிய இருவரில் ஒருவருக்கு வெள்ளியும் மற்றவருக்கு வெண்கலமும் கிடைத்ததையே நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட காணொளியை நட்புக்கு இலக்கணம் என்று எல்லாரும் அனுப்பினார்கள். 2.37 மீட்டர் வரை இருவருக்கும் ஒரு தவறுகூட இல்லை, 2.39இல் இருவருக்கும் மூன்று தவறு. அதனால்தான் பகிர முடிந்தது. அதே 2.37ஐத் தாண்டிய பெலாரஸ் வீரர் நெதசெக்காவுக்கு, இடையில் தவறுகள் இருந்ததால் வெண்கலம். அவரைப் பற்றி ஒருவரும் காணொளி அனுப்பவில்லை. நான் அன்று அவளுக்குத் தொலைபேசியில் அழைத்து அவரைப் பற்றித்தான் பேசினேன்.

ஆகவே மகளை வேறு பிரிவுக்கு மாற்றுவதற்கு முன், அந்தப் போட்டியில் உண்மையில் என்ன நடந்தது, எந்த விதிப்படி யாருக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று அவளையே உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பாதிக் கோபம் தோழியின் மேல் இல்லை என்பது அவளுக்கே தெரியவரும். தோழியைத் திட்டும்போது நீங்கள் சேர்ந்து திட்டாதீர்கள், சேர்ந்து புகழவும் புகழாதீர்கள்.

பிறகு, இதைப் படிக்கிறவர்களில் யாராவது கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கால் பட்டது. குதிகாலில் கம்பு உரசியதை நான் உணர்ந்தேன், உணர்ந்த பிறகுதான் "காத்துங்க டீச்சர்" என்றேன். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் "பட்டுச்சுடி" என்பாள், நான் "காத்துதான்டி" என்பேன். நல்ல வேளையாக அவள் இந்தத் தளத்தில் இல்லை.