தாயைத் தாண்டிப் போன மகன்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பலமுறை பார்த்துப் பழகிய சித்தப்பாவையும் அத்தையையும் கண்டால்கூட யாரோ எவரோ என்பதுபோல் நிற்கிறான். திமிர் என்கிறார்கள் உறவினர்கள். தனிக்குடித்தனத்தில் நாலு முகம் பார்க்காமல் வளர்ந்ததால் இப்படியா? நான் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அன்று, பள்ளி வாசலில் என்னையே தாண்டிப் போனான்; அவ்வளவு அழுத்தம். விசேஷங்களுக்கு அடிக்கடி அழைத்துப் போனால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அழுத்தம் என்று ஒரே சொல்லில் நீங்கள் முடித்துவிட்ட அந்தப் பள்ளி வாசல் சம்பவத்தை மீண்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

முகம் அறியும் திறனைப் பழக்கம் செதுக்குகிறது என்பது உண்மைதான். 6 மாதக் குழந்தை குரங்கு முகங்களைக்கூட ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிகிறது. மனித முகங்களையே பார்த்துப் பழகிய 9 மாதக் குழந்தையிடம் அந்தத் திறன் தென்படவில்லை என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொரியாவில் பிறந்து, 3 முதல் 9 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப் போனவர்கள், வளர்ந்த பிறகு ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே எளிதில் இனம் கண்டார்கள். ஆனால் உங்கள் மகன் பிறந்தது முதல் மிக அதிகமாகப் பார்த்த முகம் உங்களுடையது. கூந்தல் மாறியதும் அதுவே அவனுக்குப் பிடிபடவில்லை என்றால், பழக்கம் போதவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கூந்தல், குரல், நடை இவற்றைக் கொண்டே உங்களை அவன் இத்தனை காலமும் அறிந்திருக்க வேண்டும். அதற்காக அன்று அவனைத் திட்டியிருந்தால், இன்றே மன்னிப்புக் கேளுங்கள்; பெற்றவள் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பார்வை நன்றாக இருந்தும் முகம் மட்டும் பிடிபடாத நிலைக்கு, மூளையில் காயம்பட்டவர்களைக் கவனித்த ஜெர்மானிய மருத்துவர் போடாமர், 1947-இல் புரோசோபாக்னோசியா என்று பெயரிட்டார். காயம் எதுவுமின்றிப் பிறவியிலேயே இது வாய்த்தவர்களும் உண்டு. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. திமிர் என்று பேசும் உறவினரிலேயே ஒருவருக்கு இது இருக்கலாம், யார் கண்டது! கண் மருத்துவரையும் நரம்பியல் மருத்துவரையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

“நான் யார், சொல் பார்க்கலாம்” என்று கூட்டத்தின் நடுவே அவனைச் சோதிக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். “சித்தப்பா வந்திருக்கிறேன்” என்று அருகில் வரும்போதே சொல்வது பெரியவர்களின் கடமை. அதனால் எவர் மதிப்பும் குறைந்துவிடாது. வகுப்பாசிரியருக்கும் தெரிவித்துவிடுங்கள். உறவினர் என்று சொல்லி யார் அழைத்தாலும் நம்பிப் போய்விடக்கூடிய பிள்ளை இவன் என்பதை மறக்காமல், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை இந்த வாரமே அவனோடு பேசி முடிவு செய்யுங்கள்.