மகன் வெப்சைட் செய்யட்டும், ஹொஸ்டிங் யார் பெயரில்?

அக்கா, மகன் வீட்டிலிருந்தே கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான், இனி ஹொஸ்டிங்கும் தானே வைத்துக் கொடுக்கப்போகிறானாம், அதற்குச் சல்லி கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெப்சைட் செய்வது நல்ல தொழில். ஹொஸ்டிங், அதாவது அந்த வெப்சைட் எந்நேரமும் இணையத்தில் ஓடுவதற்கு சேர்வரில் இடம் கொடுப்பது, வேறு தொழில். வீடு கட்டின மேசனே இரவில் அந்த வீட்டுக்குக் காவலும் இருக்கிற மாதிரி.

அவன் போடும் கணக்கு எனக்குத் தெரியும், ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் நானும் போட்ட கணக்குத்தான். சேர்வர் இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிற ரீசெல்லர் கணக்கு ஒன்றை எடுத்துப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் நித்திரையிலும் சல்லி வரும். வந்ததுதான். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சத்தில் நின்றபோது மாதம் 25 டொலர் கட்டினேன், அதாவது ஐயாயிரம் சொச்சம். கடைக்காரர்களிடம் வருடம் முழுவதற்கும் ஜனவரியிலேயே ரூபாயில் வாங்கியாகிவிட்டது. மே மாதம் டொலர் 360ஐத் தொட, அதே 25 டொலர் 9,000 ரூபா ஆனது. இன்னும் கொஞ்சம் தாங்க என்று போய்க் கேட்கவா முடியும், அவர்களே டீசல் வரிசையில் நின்ற காலம்.

காசைக்கூட விடுங்கள். அடுத்த வருடம், என் கணக்கிலிருந்த ஒரு சைட்டில் வேர்ட்பிரஸ் (சைட் செய்யும் மென்பொருள்) பிளகின் ஒன்றை, அதாவது அதில் சேர்க்கும் துணை மென்பொருளை, அப்டேட் செய்யாமல் விட்டிருந்தேன், எவனோ அதன் வழியே புகுந்து ஸ்பாம் மெயிலாக அனுப்பித் தள்ளிவிட்டான். சேர்வரின் ஐபி, அதாவது அதன் இணைய முகவரி, ஸ்பாம் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. பத்துப் பேருக்கும் ஒரே ஐபி, பத்துப் பேருடைய மெயிலும் ஸ்பாமுக்குள் விழுந்தது. அறுகம்பேயில் சீசன் மே முதல் ஒக்டோபர் வரைதான், மற்ற மாதங்களில் ஈயோட்ட வேண்டியதுதான். அங்கே தங்குமிடம் நடத்துபவர் ஒருவர் அறையை உறுதிசெய்து அனுப்பிய மெயில் ஜேர்மனிக்காரர் கண்ணில் படவேயில்லை, அந்த ஆள் வேறு இடம் பிடித்துவிட்டார். இரவு பதினொன்றரைக்கு எனக்குப் போன். "தம்பி, உன்னாலதான் இந்த ஆள விட்டன்." ஓட்டை அவருடைய சைட்டில் இருக்கவில்லை, வேறொருவருடைய சைட்டில். அதை அந்த நேரத்தில் அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

சரி, என்ன செய்யலாம் என்றால், டொமைனையும் (சைட்டின் இணையப் பெயர்) ஹொஸ்டிங்கையும் கடைக்காரர் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய கார்டில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது என்பான். பக்கத்தில் இருந்து ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கிற வேலை. .lk என்று முடியும் பெயர்களைப் பதிகிற எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் பெயர் பதியும்போதும் உரிமையாளர் என்ற இடத்தில் மகனுடைய பெயர் வரக்கூடாது. கட்டாருக்குப் போன ஒரு பையனின் பழைய மெயிலுக்கே புதுப்பிக்கும் நினைவூட்டல் எல்லாம் போய்க்கொண்டிருந்து, கல்முனையில் ஒரு கடையின் பெயர் காலாவதியானதை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் வாங்கவேண்டியது பராமரிப்புக் கட்டணம். மாதாமாதம் அப்டேட் செய்வது, பேக்கப்பை வேறோர் இடத்தில் வைப்பது, படம் விலை மாற்றிக் கொடுப்பது, இதற்குக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தருவார், டொலர் ஏறினாலும் அவனுக்கு நட்டமில்லை. பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், அதிலிருந்து ஒரு சைட்டைத் திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள், பலருக்கு அங்கேதான் வியர்க்கும்.

சேர்வர் வேலையில் அவனுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால் தடுக்கவேண்டாம். மாதம் ஐந்தாறு டொலருக்குச் சின்ன விபிஎஸ், அதாவது தனக்கென்று ஒரு வாடகை சேர்வர், கிடைக்கும், அதற்குக் கொடுங்கள். சேர்வரை இயக்கும் லினக்ஸைத் தானே போட்டுத் தன் சொந்த சைட்டை ஓட்டி உடைத்துப் பார்க்கட்டும், அந்தப் பழக்கம் கொழும்பில் சிஸ்டம் அட்மின், கிளவுட் வேலைக்கு நேர்முகம் போகும்போது உதவும். ஊரான் கடையை வைத்துப் பழகுவதுதான் வேண்டாம்.

சனிக்கிழமை அவனைக் கல்லடிக்கு என்னிடம் அனுப்புங்கள். வரும்போது இதுவரை செய்து கொடுத்த சைட்டுகளின் பட்டியலும், ஒவ்வொரு டொமைனும் யார் பெயரில் இருக்கிறது என்பதும் எழுதிக்கொண்டு வரட்டும்.